வழியின் ஏதமும் தோழியின் குரலும்

பட்டிப்பொல, 1,891 மீற்றர் உயரத்திலுள்ள, இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையம். அங்கிருந்து ஹோட்டன் சமவெளிக்கு ஏறி உலக முடிவை அடைபவன், 800 மீற்றருக்கு மேற்பட்ட செங்குத்துப் பள்ளமொன்றின் விளிம்பில் நிற்கிறான். 2015 பெப்ரவரியில், மனைவியைப் படமெடுக்கப் பின்னோக்கி நகர்ந்த ஒல்லாந்துப் பயணி ஒருவர் அவ்விடத்தில் தவறி வீழ்ந்தார். மரமொன்று தாங்கியதால் உயிர் தப்பினார். அது விபத்து, விளையாட்டன்று. ஆயினும் அவரை மீட்கும் பொருட்டு அதே பாறையில் இறங்கிய படையினர், விளிம்பைத் தேடி வந்தவர்களல்லர். "என் உயிர், என் விருப்பம்" என்பது துணிச்சல் விளையாட்டுகளில் ஈடுபடுவோர் வழமையாகக் கூறும் நியாயம். அந்நியாயம் எத்துணை மெலிந்தது என்பதைக் குறிஞ்சித் திணைப் பாடல்கள் முன்பே ஆராய்ந்துள்ளன. (நெலு பூக்கும் அம்மலை குறிஞ்சிக்கு அந்நியமானதன்று.)

குறிஞ்சித் தலைவன் இரவில் தனியே மலைவழி வருகிறான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முடிவடையுமிடத்தில், அவ்வழியிலுள்ள புலி, கரடி, களிறு, இடி, பாம்பு, முதலை முதலியவற்றை எண்ணித் தலைவி கலங்குவதைத் தோழி செவிலிக்கு எடுத்துரைக்கிறாள். இரவில் வாராதே எனத் தலைவனையே விலக்கும் பாடல்களும் சங்கத் தொகைகளிற் பல. உரை மரபு இவ்விலக்கலை வரைவு கடாதலின்பாற் படுத்தும். மணத்தை விரைவுபடுத்தத் தோழி கையாளும் உபாயமாக ஆபத்து அங்கே சுருங்கிவிடுகிறது. இவ்விளக்கம் தவறன்று, ஆனால் போதாது. அச்சம் மெய்யாக இருந்தாலன்றி உபாயம் பலிக்காது. தலைவனின் ஆற்றலைத் தோழி ஐயுறுவதில்லை. அவன் வல்லவன் என்பதை ஒப்புக்கொண்டே, அவனுக்கு ஏதம் நேரின் இவள் கதி யாது என்று கேட்கிறாள். களவொழுக்கமாதலின் தலைவி வாய்விட்டு அழவும் இயலாது, தேடிவர ஆளனுப்பவும் இயலாது. துணிபவன் அவன், விழித்திருப்பவள் அவள். அவளது இசைவை எவரும் கேட்டதில்லை.

இதற்கு மறுதலையாக முல்லைக்கலி காட்டப்படலாம். கொல்லேற்றின் கொம்புக்கு அஞ்சுபவனை ஆயமகள் மறுபிறப்பிலும் தழுவ மாட்டாள் என்கிறது அது. ஆயின் ஏறுதழுவல் பகலில், ஊர் கூடி, ஊர் விரும்பி நிகழ்த்துவது. அங்கே சிந்தும் குருதிக்கு ஊர் முழுவதும் பொறுப்பாளி. குறிஞ்சித் தலைவனின் பயணத்துக்கோ பொறுப்பேற்க ஒருவருமில்லை.

அண்மைக்கால வீரப் புகழுரைகளில் தோழியின் குரல் கேட்பதரிது. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இருவழியும் 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தவர். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் நீத்தார். அவரது பெருமை ஐயத்துக்கிடமற்றது. எனினும் கால்வாய் நீச்சலுக்குத் துணைப்படகு கட்டாயம் என்பதும், படகிலிருப்போர் நீந்துபவரைத் தொட்டால் முயற்சி செல்லாதாகும் என்பதும் மனங்கொளத்தக்கன. எந்தக் கணத்தில் கை நீட்டுவது? முந்தினால் பல மாத உழைப்பைப் பாழாக்கியவர். பிந்தினால் வாழ்நாள் முழுதும் அக்கணத்தைச் சுமப்பவர். நீந்துபவர் தம் உடலை மட்டும் பணயம் வைத்ததாகக் கருதலாம். படகிலிருப்பவரது மனச்சான்றும் அவரோடு பணயமாகிவிடுகிறது. புகழ்ந்து எழுதுவோர் கரையில் நின்றே எழுதுகின்றனர், படகில் ஏறுவதில்லை.

குறிஞ்சிப்பாட்டில் தோழி களவை வெளிப்படுத்தும் செயலுக்கு இலக்கணம் இட்ட பெயர் அறத்தொடு நிற்றல். வகுப்பறை விளக்கங்கள் அத்துறையைக் கற்பு நெறியோடு மட்டும் பொருத்திவிட்டு அப்பாற் செல்கின்றன. அங்கே தோழி உடைப்பது மந்தணத்தை மட்டுமன்று; ஆபத்தைத் தன்னந்தனியே ஆளும் உரிமையைத் தலைவனிடமிருந்து பறித்து, அவனுக்காக அஞ்சுவோர் கையில் ஒப்படைக்கிறாள். படகிலிருப்பவர் விதியை மீறிக் கை நீட்டுவதும் அத்துறையின்பாற் படும்.