ஊதியவள், எழுதியவள்

சோழவரம் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் நான் பார்த்த பேண்ட் செட் எதிலும் ஊதுகிறவர் பெண்ணாக இருந்ததில்லை. மெல்பா லிஸ்டனைப் பற்றி எழுத உட்காரும்போது அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

1926இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் பிறந்த கறுப்பினப் பெண் அவர். ஏழு வயதில் டிராம்போனைப் பார்த்து, அது அழகாக இருக்கிறது என்பதற்காகவே கேட்டார், அம்மா வாங்கிக்கொடுத்தார். நீள்குழலை இழுத்து ஏழு நிலைகளில் சுரம் பிடிக்க வேண்டிய வாத்தியம் அது. கடைசி நிலைக்குக் கை எட்டாமல், தலையைப் பக்கவாட்டில் சாய்த்து ஊதிப் பழகினார்.

ஜாஸ் எழுத்தாளர்கள் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1956இல் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழு அமெரிக்க அரசின் செலவில் கராச்சி, டாக்கா வரை வந்தது. அந்தக் குழுவில் மெல்பாவைச் சேர்த்தபோது ஆண்கள் முணுமுணுத்தார்கள், ஒரு பெண்ணை எதற்குக் கூட்டிவந்தார் என்று. அவர் எழுதிக் கொண்டுவந்த இசைக்கோவைகளை வாசித்துப் பார்த்ததும் வாயடைத்துப்போனார்கள். இதை வெற்றிக்கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் நன்றாக ஊதினால் போதும். இவரோ மொத்தக் குழுவுக்கும் எழுதித் தந்த பிறகுதான் ஊத உட்கார முடிந்தது.

நம் ஊரில் அந்த நிபந்தனை வேறு உருவத்தில் வந்தது. நாகசுரத்தில் பெரும்பெயர் பெற்ற மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய்க்கு, கணவர் இறந்தபின் மங்கல மேடைகள் அடைபட்டன. மூச்சும் விரலும் அப்படியேதான் இருந்தன.

மெல்பாவும் ஒருமுறை ஊதுவதையே விட்டிருக்கிறார். 1949 வாக்கில் பில்லி ஹாலிடேயுடன் போன தென்மாநிலப் பயணம் நொடித்துப்போக, ஊர் திரும்பிக் கல்வி அலுவலகத்தில் குமாஸ்தா ஆனார். சினிமாவிலும் தலைகாட்டினார். டிராம்போன்காரியான அவருக்கு அங்கே கிடைத்தது ஹார்ப் ஏந்திய துணைவேடம்! குழுப் பயணங்களில் தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைப் பின்னாளில் பேட்டிகளில் அவரே சொன்னார். அதை விட்டுவிட்டு அவருடைய ‘கூச்ச சுபாவம்’ பற்றி மட்டும் எழுதுவது நேர்மையல்ல.

அவர் பெயரில் தலைமைக் கலைஞராக வந்த ஆல்பம் ஒன்றே ஒன்று. 1958இல் பதிவானது. சுற்றிலும் ஆண் டிராம்போன் கலைஞர்கள். நடுவில் இவர் அவசரப்படாமல், சுரத்தைச் சற்றே தாமதித்து வைக்கிறார். தாலாட்டுப் பாடுகிறவள் அடுத்த வரிக்கு முன் விடும் இடைவெளி போல இருக்கிறது. இதை இன்னும் கேட்டிருக்க வேண்டும் நாம். ஆனால் எழுதும் வேலை ஊதும் வேலையைத் தின்றுவிட்டது. ராண்டி வெஸ்டனின் ‘உஹுரு ஆப்பிரிக்கா’வை (1960) எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்க அரசு தடைசெய்யும் அளவுக்குக் கூர்மையான படைப்பு. பெரிய குழுவின் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எதை, எப்போது வாசிப்பது என்று எழுதியவர் மெல்பா. அட்டையில் பெரிதாக இருப்பது வெஸ்டனின் பெயர். வெஸ்டன் நன்றி மறந்தவரல்ல, கடைசிவரை மெல்பாவைக் கொண்டாடினார். கேட்கிற நாம்தான் முன்னால் நிற்பவரை மட்டும் பார்க்கப் பழகியிருக்கிறோம். சமைத்தவள் பெயரைக் கேட்காமல் சாப்பிட்டு எழுகிற பழக்கம்தான் இதுவும்.

1973 முதல் சில ஆண்டுகள் ஜமைக்காவில் இசை கற்பித்தார். திரும்பி வந்து பெண்களைச் சேர்த்துத் தனிக்குழு தொடங்கினார். 1985இல் பக்கவாதம் தாக்க, டிராம்போன் நின்றது. 1999இல் இறப்பதற்குள், சக்கர நாற்காலியில் இருந்தபடி கம்ப்யூட்டர் துணையோடு வெஸ்டனுக்கு மறுபடி எழுதினார். 1991இல் அந்த ஆல்பம் பதிவானது. அதில் டிராம்போனை வேறொருவர் வாசிக்கிறார்.