அந்தி வானமும் சின்னஞ்சிறு சிறகும்

வெப்பமண்டலக் காட்டில் மாலைப் பொழுதையும் பறவையையும் ஒருசேரத் தீட்ட முனையும் ஓவியனுக்கு ஒரு சோதனை உண்டு. வானமும் சிவக்கிறது, சிறகும் மின்னுகிறது. இரண்டிற்கும் முழு வண்ணத்தையும் வாரி வழங்கினால் வானமே வெல்லும், பறவை தோற்றுவிடும்.

ரீங்காரச் சிட்டுகளைத் தீட்டுவதற்கென 1863இல் பிரேசில் சென்ற அமெரிக்க ஓவியர் மார்ட்டின் ஜான்சன் ஹீட் (1819–1904) இதனை நன்கு உணர்ந்தவர். 1864இல் ரியோ துறைமுகத்து அந்தியை வரைந்தபோது அவர் வானுக்கே முதலிடம் தந்தார். 1871இல் தீட்டிய 'கேட்லியா ஆர்க்கிடும் மூன்று ரீங்காரச் சிட்டுகளும்' என்னும் ஓவியத்திலோ வானம் அடங்கி நிற்கிறது. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலுள்ள இப்படத்தில் சாம்பல்நிற மூடுபனி காட்டைப் போர்த்துகிறது. இளஞ்சிவப்பு மலரும் சிட்டுகளுமே சுடர்கின்றன.

அச்சிட்டின் கழுத்தொளி வெறும் சாயமன்று. இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தால் பிறப்பது. கோணம் மாறினால் கருத்துவிடும். அசையாத எண்ணெய் வண்ணம் அதனை எட்ட இயலாது. சுற்றுப்புறத்தை மங்கவைத்தே ஹீட் அதனை நெருங்கினார். குறையும் உண்டு: ஓயாது துடிக்கும் உயிர்கள், கண்ணாடிப் பேழையில் வைத்தவை போல் உறைந்து நிற்கின்றன.

ஆயினும், சில காசுக்கு விற்கப்படும் குருவியையும் இறைவன் மறப்பதில்லை என்கிறது நற்செய்தி. பெரியதை அடக்கிச் சிறியதை ஒளிரச் செய்யும் இத்தூரிகை, அந்தப் பரிவுக்கு அருகில் நிற்கிறது.