தளபதியின் நினைவுகளும் சிப்பாயின் மௌனமும்

விடுதலைப் போரில் ஈடுபட்ட காலாட்படைப் பிரிவொன்றின் வரலாற்றை அதன் தளபதியே எழுதும்போது, அது வரலாறாகவும் வாக்குமூலமாகவும் ஒருசேர அமைந்துவிடுகிறது. இந்திய தேசிய இராணுவத்தின் சுபாஷ் படைப்பிரிவுக்குத் தலைமையேற்ற ஷா நவாஸ் கான் ஆங்கிலத்தில் எழுதிய நினைவு நூல் அத்தகையது. செங்கோட்டை விசாரணைக்குப் பின் 1946 ஜனவரியில் அவர் விடுதலையானார். அவ்வாண்டிலேயே நூலும் வெளிவந்தது. வழக்கின் சூடு தணியாத எழுத்து இது என்பதை மறந்து இதனை மதிப்பிட இயலாது.

1943இல் மலாயாவில் உருவான இப்படைப்பிரிவில் சுமார் 3,000 பேர் இருந்தனர். முதல் பட்டாளம் அரக்கானுக்குச் சென்று 1944 மே மாதம் மௌடோக்கைக் கைப்பற்றியது. மற்ற இரண்டும் ஹாக்கா, ஃபாலம் மலைகளுக்கு அனுப்பப்பட்டன. அம்மலைகளில் பட்ட பசியையும் மலேரியாவையும், போரிட வந்தவர்களைச் சாலை போடவும் சுமை தூக்கவும் வைத்த ஜப்பானியப் போக்கையும் கூறும் பகுதிகளே நூலின் உயிர். நேச சக்தியின் மீதே ஐயம் கொண்ட ஒரு தளபதியின் நேர்மை அங்கு வெளிப்படுகிறது.

எனினும் நூலாசிரியரின் பார்வை பெரிதும் அதிகாரிகளின் மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. சுபாஷ் படைப்பிரிவில் முன்னாள் பிரிட்டிஷ் இந்தியப் படையினரே மிகுந்திருந்தனர். ஆனால் மலாயாவில் பின்னர் சேர்ந்த குடிமக்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களின் தமிழர். இந்துஸ்தானி அறியாத அவர்கள் அம்மொழியின் கட்டளைகளுக்கு எவ்வாறு பழகினர்? ஊதியத்தை விட்டு எதற்காக வந்தனர்? இவற்றுக்குத் தளபதியின் நினைவுகளில் விடை தேடுவது வீண்.

இக்குறை நூலுக்கு மட்டும் உரியதன்று. நமது வாசிப்பிலும் உள்ளது. நம் சமுதாய மேடைகளில் இந்த இராணுவத்தின் வரலாறு பெரும்பாலும் முஸ்லிம் பெயர்களின் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. நாட்டுப்பற்றுக்குச் சான்றிதழ் கேட்பவர்களுக்கு விடையாக அப்பட்டியல் நீட்டப்படுகிறது. கேட்பவரின் நியாயமற்ற கேள்வியை ஏற்றுக்கொண்ட பின்னரே அத்தகைய விடை பிறக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இத்திஃபாக், இஃதிமாத், குர்பானி என்பன அப்படையின் முழக்கச் சொற்கள். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் அம்மூன்றும் பெயர் அறியப்பட்டவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல.

வியாசர்பாடியில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகப் புலப்படும். 1960களில் பர்மாவிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல இங்கு குடியேறின. ஷா நவாஸ் கானின் நூலில் போர்க்களங்களாக வரும் ஊர்களும் ஆறுகளும் பர்மாவில் வாழ்ந்த தமிழருக்கு வாழிடங்களாக இருந்தவை. போரையும் குண்டுவீச்சையும் கண்ட தலைமுறையில் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. பிள்ளைகளிடம் அவர்கள் சொல்லிச் சென்றவை தமிழில் தொகுக்கப்பட வேண்டும். தளபதி எழுதாத அத்தியாயத்தை அதன் பிறகே நாம் எழுதத் தொடங்க முடியும்.