ஆல்பர்ட் ஃபேஸி: கலிப்போலி தேதியும் கோதுமை வயலும்

ஆஸ்திரேலியர்களிடம் ‘போருக்குப் போன விவசாயி’ யாருன்னு கேட்டா பலர் சொல்லும் பெயர் ஆல்பர்ட் ஃபேஸி. 1894-ல் பிறந்தவர். இரண்டு வயசாகும் முன்னாடியே அப்பா இறந்துட்டார். பாட்டி வளர்த்தார். எட்டு வயசிலேயே பண்ணை வேலை, சாட்டையடி. பள்ளிக்கூடம் கிடையாது, எழுதப் படிக்கத் தானாவே கத்துக்கிட்டார். அவருடைய சுயசரிதை ‘எ ஃபார்ச்சுனேட் லைஃப்’, அதாவது ‘அதிர்ஷ்டமான வாழ்க்கை’, 1981-ல் வந்தது. அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

இந்தப் புத்தகத்தில் ஒரு சிக்கல் இருக்கு. 1915 ஏப்ரல் 25 அன்று கலிப்போலி கடற்கரையில் முதல் நாளே தரையிறங்கியதா அவர் எழுதுறார். ராணுவப் பதிவேட்டின்படி அவர் அங்கே போய்ச் சேர்ந்தது மே 7. வித்தியாசம் 12 நாள்.

“அப்போ எல்லாமே கட்டுக்கதையா?” என்று கேட்கலாம். இல்லை. அவர் கலிப்போலியில் போரிட்டது உண்மை, இரண்டு அண்ணன்களை அங்கே இழந்ததும் உண்மை. அதுக்காக “வயசானவர், மறந்திருப்பார்” என்று தள்ளிவிடவும் எனக்கு மனசில்லை. ஏப்ரல் 25 சாதாரணத் தேதி இல்லை. 1916-லிருந்து அது ஆன்சாக் நாள். ஊர்வலம், மலர்வளையம் எல்லாம் உண்டு. ஒரு நாடே வருஷா வருஷம் சொல்லும் கதைக்குள்ள தனிமனித நினைவு மெதுவா நகர்ந்து உட்கார்ந்துக்கும். இங்கே அதுதான் நடந்திருக்குன்னு நினைக்கிறேன்.

அதனாலதான் எனக்கு இந்தப் புத்தகத்தின் உயிர் வேறு இடத்தில் தெரியுது. போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு அரசு கடன் கொடுத்து நிலத்தில் குடியேற்றிய காலம் அது. ஃபேஸியும் அந்தத் திட்டத்தில், 1922-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் விக்கெபின் பகுதியில் விவசாயத்துக்கு வந்தார். பொருளாதாரப் பெருமந்தத்தில் கோதுமை விலை சரிந்தது. 1934-ல் நிலத்தை விட்டுட்டு குடும்பத்தோட கிளம்பினார். அந்த வருஷத்துக்கு விழா கிடையாது, ஊர்வலமும் கிடையாது. நினைவை இழுத்து வளைக்க எந்தப் பொதுக்கதையும் பக்கத்தில் இல்லை. அந்தப் பக்கங்களைத்தான் நான் கூடுதலா நம்புறேன்.

ஒரு குறையையும் சொல்லணும். ஏன் இப்படி ஆச்சுன்னு ஃபேஸி ஆழமா கேட்பதில்லை. துப்பாக்கி பிடிச்சவனுக்குக் கடனோட நிலத்தைக் கொடுத்தது நன்றியா, சுமையா? அது யாருடைய நிலம்? விக்கெபின் பகுதி நூங்கார் பழங்குடி மக்களின் மண். இதையெல்லாம் வாசகர்தான் யோசிக்கணும்.

தலைப்பு மட்டும் என்னை விடவே மாட்டேங்குது. போர் அவருடைய கடவுள் நம்பிக்கையைக் காலி பண்ணிடுச்சு. 1942-ல் சிங்கப்பூரில் ஒரு மகனையும் போர் கொண்டுபோச்சு. இவ்வளவுக்கும் பிறகு ‘அதிர்ஷ்டம்’ என்கிறார். கேலி துளியும் இல்லை. கூட வாழ்ந்த மனைவி ஈவ்லினை, அறுபது வருஷக் குடும்பத்தை வச்சுச் சொல்றார்.

வரலாற்றாசிரியர்கள் தேதியைத் திருத்தினது சரிதான், திருத்தத்தான் வேணும். ஆனா ‘அதிர்ஷ்டம்’ என்ற அவருடைய கணக்கைச் சரிபார்க்க எந்தப் பதிவேடும் இல்லை. வாசிக்கிறவங்க போர் அத்தியாயத்தோட நிறுத்திடாம விக்கெபின் வரைக்கும் அவரோட நடந்து போங்க.