பாலே: ஆட்டமா, விளையாட்டா?

தமிழில் 'ஆடு' என்றொரு வினைச்சொல். அது எத்தனை வேலை செய்கிறது பாருங்கள்! சலங்கை கட்டிக்கொண்டு மேடையேறும் பெண்ணும் ஆடுகிறாள்; மட்டையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் இறங்குபவரும் ஆடுகிறார். கூத்தாடுகிறோம், பந்தாடுகிறோம், நீராடுகிறோம், ஊஞ்சலும் ஆடுகிறோம். "நேத்து மேட்ச்ல நல்லா ஆடினான்" என்று சொல்லும் அதே வாய், "அரங்கேற்றத்துல பொண்ணு நல்லா ஆடினா" என்றும் சொல்கிறது. ஆங்கிலத்தில் நடனமாடுவதற்கு ஒரு சொல், விளையாடுவதற்கு வேறொரு சொல். அதனால்தானோ என்னவோ, 'பாலே நடனத்தை ஒரு விளையாட்டாகக் கருதலாமா?' என்ற விவாதம் மேலை நாடுகளில் ஓயாமல் நடந்து வருகிறது.

"அவங்க ஊர் ஆட்டம், அவங்க சண்டை. நமக்கென்ன சார்?" என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டுக்கு வெளியே பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இதில் அக்கறை கொள்ளக் காரணம் உண்டு. பெருநகரங்களில் நம் பிள்ளைகளில் சிலர் பாலே வகுப்புக்கே போகிறார்கள். காலையில் பரதம், மாலையில் பாட்மிண்டன் என்று ஓடும் பிள்ளைகள் இன்னும் பலர். ஒன்பதாம் வகுப்பு வந்ததும், "ரெண்டுல ஒண்ணை விட்டுடு" என்கிறோம். எதை விடச் சொல்கிறோம் என்பது நமக்கே தெளிவாக இருக்க வேண்டாமா?

என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். பாலே கலைஞரின் உடலுழைப்புக்கு ஒரு விளையாட்டு வீரருக்குரிய மதிப்பும் மருத்துவமும் கிடைத்தே ஆக வேண்டும். அதற்காகப் பாலேயை விளையாட்டு என்று அறிவிப்பது அந்தக் கலையைக் குறுக்கிவிடும்.

உடல் தரும் சாட்சி

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை நேர்மையாக எடுத்து வைப்போம். பாலே என்றதும் வெள்ளைப் பாவாடையும் மெல்லிய இசையும் நினைவுக்கு வருகின்றன. உள்ளே நடப்பது வேறு. 1832-இல் பாரிஸில் 'லா சில்ஃபீட்' என்ற பாலேயில் மரீ தாலியோனி கால்விரல் நுனியில் நின்று ஆடிப் புகழ்பெற்ற பிறகு, அந்த நிலை பெண் கலைஞர்களுக்குக் கட்டாயம் போலவே ஆகிவிட்டது. அதற்கென்றே தைக்கப்படும் காலணியின் முனையில் இரும்பு எதுவும் இல்லை. துணியும் தாளும் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கப்பட்டு, மேலே பட்டுத்துணி போர்த்தியிருக்கும். முதன்மை வேடம் ஏற்பவருக்கு ஒரே இரவில் ஒரு ஜோடி பாழாவது சாதாரணம். பாதத்தின் வெளிப்புற எலும்பில் ஏற்படும் ஒருவகை முறிவுக்கு மருத்துவ உலகில் 'நடனக்காரர் முறிவு' என்றே பெயர். ஆண் கலைஞரோ, உடன் ஆடும் பெண்ணைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, முகத்தில் சிரமமே தெரியாமல் நடக்க வேண்டும்.

போட்டி இல்லையா என்றால், அதுவும் உண்டு. பல்கேரியாவின் வர்ணா நகரில் 1964 முதலும், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1973 முதலும் சர்வதேச பாலே போட்டிகள் நடந்து வருகின்றன. இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ரியோ ஃபெர்டினாண்ட் சிறுவயதில் பாலே பள்ளியில் பயின்றவர். 2014-இல் ஒரு விளையாட்டு உடை நிறுவனம் தன் விளம்பரத்தில் முன்னிறுத்தியது மிஸ்டி கோப்லேண்ட் என்ற பாலே கலைஞரை. பதின்மூன்று வயதில்தான் பயிற்சியைத் தொடங்கிய அவர், 2015-இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதல் கறுப்பின முதன்மைப் பெண் கலைஞரானார்.

ஆக, பயிற்சி, வலிமை, காயம், போட்டி, பரிசு எல்லாமே இருக்கின்றன. இனி என்ன குறை?

கேட்பது எதை?

இந்த வாதத்தை முன்வைப்பவர்கள் உண்மையில் கேட்பது என்ன என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவர்கள் கேட்பது மரியாதையை. 'பில்லி எலியட்' (2000) என்ற ஆங்கிலப் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தக் காலத்து வட இங்கிலாந்து. அப்பா குத்துச்சண்டை வகுப்புக்குக் காசு கொடுத்து அனுப்புகிறார். பையன் அதே கூடத்தில் நடக்கும் பாலே வகுப்பில் போய் நின்றுகொள்கிறான். அப்பாவின் கோபத்துக்குக் காரணம், பாலே ஆம்பளைப் பிள்ளைக்கு உரியதல்ல என்ற எண்ணம். 2020-இல் வந்த 'ஏ பாலே' என்ற இந்திப் படத்திலும், மும்பையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு பையன்கள் கிட்டத்தட்ட இதே சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட வீடுகளில் 'இதுவும் ஸ்போர்ட்ஸ்தாம்ப்பா' என்று சொன்னால் எதிர்ப்பு சற்றுத் தணியும். அது உண்மைதான்.

அப்பாவைச் சமாதானப்படுத்த உதவும் ஒரு சொல் பாலேயின் இலக்கணமாகிவிடாது. மரியாதையை வேறு வழியிலும் பெறலாம், பெற்றும் இருக்கிறார்கள். பிரிட்டனில் நடன மருத்துவத்துக்கும் நடன அறிவியலுக்கும் என்றே 2012-இல் ஒரு தேசிய நிறுவனம் தொடங்கப்பட்டது. விளையாட்டு மருத்துவத்தின் அறிவை நடனக்காரர்களுக்குக் கொண்டுவர அங்கே யாரும் பாலேயை விளையாட்டுப் பட்டியலில் சேர்க்கவில்லை. நம் நாட்டிலும் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீடு போலக் கலைஞர்களுக்கும் ஓர் ஒதுக்கீடு உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் விளையாட்டுக்கு ஒன்று, நடனம் முதலான கலைகளுக்கு ஒன்று என்று தனித்தனி வழிகள் இருக்கின்றன. ரயில்வேயில் கலைக்குக் கிடைக்கும் இடங்கள் விளையாட்டுக்குக் கிடைப்பதைவிட மிகக் குறைவு என்பது நியாயமான குறை. கலைக்கு இன்னும் கொடுங்கள் என்று கேட்பதுதான் அதற்குப் பரிகாரம்.

மதிப்பெண் வந்தால் என்ன ஆகும்?

பெயர் மாற்றம் வெறும் பெயரோடு நிற்பதில்லை. விளையாட்டு என்றால் யார் வென்றார் என்று சொல்லியாக வேண்டும். ஓட்டத்தில் கடிகாரம் சொல்லிவிடும்; அழகும் சேர்ந்த ஆட்டங்களில் நடுவர்தான் சொல்ல வேண்டும். இதற்குப் பனிச்சறுக்கு நடனம் நல்ல பாடம்.

2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவில் ரஷ்ய ஜோடிக்குத் தங்கம் தந்தார்கள். அடுத்த நாளே பிரெஞ்சு நடுவர், தமக்கு நெருக்குதல் இருந்ததாகச் சொன்னதாகச் செய்தி வெடித்தது. முடிவில் கனடா ஜோடிக்கும் இன்னொரு தங்கம் தரப்பட்டது. இந்த அவமானத்துக்குப் பிறகு, 6.0 என்ற பழைய உச்ச மதிப்பெண் முறை 2004-இல் கைவிடப்பட்டது. புதிய முறையில் ஒவ்வொரு தாவலுக்கும் ஒவ்வொரு சுழலுக்கும் முன்கூட்டியே ஒரு விலை. நியாயம் கூடியது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆடுபவர் என்ன செய்வார்? விலை அதிகமுள்ள தாவலை முதலில் வைப்பார். விலையில்லாத அசைவை விட்டுவிடுவார். கடைக்காரர் தராசில் நிற்காத சரக்கை வாங்கி வைப்பாரா?

"விளையாட்டுக்குள்ளேயே கலை பூத்ததில்லையா?" என்று கேட்பீர்கள். பூத்திருக்கிறது. 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் பிரிட்டனின் டார்வில், டீன் ஜோடி, ராவெலின் 'பொலேரோ' இசைக்குப் பனியில் ஆடியது. கலைநயத்துக்கு ஒன்பது நடுவர்களும் 6.0 கொடுத்தார்கள். இதில் சுவையான செய்தி ஒன்று. அந்த இசையை அவர்களால் விதி அனுமதித்த நேரத்துக்குள் சுருக்க முடியவில்லை. சறுக்குக் கத்தி பனியில் பதிந்த பிறகே கடிகாரம் ஓடும் என்பது விதி. எனவே முதல் சில நொடிகள் இருவரும் முழங்காலில் நின்றபடியே ஆடினார்கள். உலகமே வியந்த அந்தத் தொடக்கம், விதியிலிருந்த ஒரு சந்தில் நுழைந்து வந்தது! விளையாட்டில் கலை அப்படித்தான் வாழ வேண்டியிருக்கிறது. பாலே அரங்கிலோ இசை எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு நேரம் ஆடலாம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 'பிரேக்கிங்' என்ற தெரு நடனம் சேர்க்கப்பட்டது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970-களில் இளைஞர்கள் வளர்த்தெடுத்த ஆட்டம் அது. நுட்பம், அசைவுகளின் வளம், நிறைவேற்றம், இசையுணர்வு, புதுமை என ஐந்து அளவுகோல்கள் வைத்து மதிப்பிட்டார்கள். அடுத்து வரும் 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் பட்டியலில் அது இடம்பெறவில்லை. ஒலிம்பிக் கதவு திறந்தும் மூடியும் போகும். கலை தன் காலில் நிற்பதே நல்லது.

முப்பத்திரண்டு சுழல்களும் ஓர் அன்னமும்

இப்போது பாலேக்குள்ளேயே வருவோம். இத்தாலியக் கலைஞர் பியரினா லெஞானி ஒற்றைக் காலில் நின்றபடி, மறுகாலைச் சாட்டைபோல வீசி வீசி 32 முறை சுழல்வதில் பெயர்பெற்றவர். 1893-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 'சிண்ட்ரெல்லா'விலும், 1895-இல் 'ஸ்வான் லேக்'கிலும் அதைச் செய்து காட்டினார். இன்றும் 'ஸ்வான் லேக்' பார்க்கப் போகிறவர்கள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். இது விளையாட்டின் ருசி என்பதில் ஐயமில்லை.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பெரும் கலைஞர்களில் ஒருவரான மாயா பிளிசெட்ஸ்காயா அதே இடத்தில் 32 சுழல்களுக்குப் பதிலாக மேடையை வட்டமாகச் சுற்றிவரும் சுழல்களை ஆடினார். பனிச்சறுக்காக இருந்திருந்தால் புள்ளி போயிருக்கும். பாலே உலகம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அந்தக் காட்சியில் கறுப்பு அன்னம் இளவரசனை மயக்குகிறாள். அவன் மயங்கினானா என்பதுதான் கேள்வி. எண்ணிக்கை அதற்கு ஒரு வழி, அவ்வளவே.

இன்னும் தெளிவான சாட்சி 1907-இல் அன்னா பாவ்லோவாவுக்காக மிகயில் ஃபோகின் அமைத்த 'சாகும் அன்னம்'. சில நிமிடங்களே நீளும் ஆட்டம். பெரிய தாவல் இல்லை, தூக்கல் இல்லை. விரல் நுனியில் சிற்றடி வைத்து நகர்தல், கைகளின் துடிப்பு, கடைசியில் ஒரு மடங்கல். கடினத்துக்கு மதிப்பெண் போட்டால் கடைசி வரிசையில் நிற்கும். ஆனால் நூறாண்டு தாண்டியும் அதைப் பார்த்துக் கண்கலங்குகிறார்கள். பிளிசெட்ஸ்காயா அறுபது வயதைக் கடந்தும் இதை ஆடினார். அறுபது வயதில் நூறு மீட்டர் ஓட்டத்தில் யாரும் உலகத்தை வெல்வதில்லை. அன்னமாகச் சாவதற்கு வயது ஒரு கூடுதல் அறிவு.

தத்துவ அறிஞர் டேவிட் பெஸ்ட் 1974-இல் எழுதிய கட்டுரை இங்கே உதவுகிறது. கால்பந்து போன்றவற்றில் கோல் எப்படி விழுந்தாலும் கோல்தான். ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றில் செய்யும் விதமே நோக்கத்தோடு சேர்ந்தது என்று அவர் பிரித்தார். இரண்டாம் வகை அழகானதுதான். ஆனாலும் அது கலையாகிவிடாது என்றார். காரணம், கலைக்கு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது சொல்லும் வழி இருக்க வேண்டும். எனக்கு இது சரியாகவே படுகிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தவறி விழுந்தால் அது விழுதல் மட்டும்தான். அன்னம் விழுந்தால் அது மரணம்.

லோசான் போட்டியையே பாருங்கள். 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கான அந்தப் போட்டியில் வென்றவர்களுக்குக் கிடைக்கும் முக்கியப் பரிசு, நல்ல பள்ளியிலோ குழுவிலோ சேர்ந்து பயிலும் உதவித்தொகை. போட்டி அங்கே வாசற்படி. வீடு உள்ளே இருக்கிறது.

நம் வீட்டு விஷயம்

பாவ்லோவாவின் பெயர் நமக்கு அந்நியமல்ல. ருக்மிணி தேவி அவரைச் சந்தித்துப் பழகி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உன் நாட்டு நடனத்தைத் தேடு என்று பாவ்லோவா ஊக்கப்படுத்தியதும், 1936-இல் சென்னையில் கலாக்ஷேத்ரா எழுந்ததும் நாம் அறிந்த வரலாறு. ஒரு பாலே கலைஞர் நம் பெண்ணுக்குக் கொடுத்த அறிவுரையில் புள்ளிக்கணக்கு இல்லை.

இன்று நிலைமை என்ன? யோகாசனத்தை 2020 டிசம்பரில் மத்திய அரசு போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. வளைவுக்கும் சமநிலைக்கும் மதிப்பெண் போட முடியும். மனம் அடங்கியதா என்பதற்கு யார் போடுவது? நடனத்துக்கும் இதே ஆசை ஏற்கெனவே வந்துவிட்டது. நம் சங்க விழாக்களில்கூட 'தாளம் 10, பாவம் 10, உடை 10' என்று தாள் கொடுத்து நடுவர்களை உட்கார வைக்கிறோம். பிள்ளைகள் வேகமான தில்லானாவையே தேடிப் போகிறார்கள். ஒரு பதத்தை நிதானமாக ஆட யாருக்கும் தைரியமில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, தாளை அச்சடித்தவர்கள் நாம்.

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அது ஓர் உந்துதல். ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சியாவது பரிசில்லாமல் வையுங்கள்; வேகமில்லாத உருப்படிகளை அதில் ஆடச் சொல்லுங்கள். ஆடும் பிள்ளைக்கு முழங்கால் வலித்தால், "டான்ஸ்தானே, சரியாயிடும்" என்று தைலம் தடவி அனுப்பாமல், கிரிக்கெட் ஆடும் பிள்ளையை அழைத்துப்போகும் அதே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நிகழ்ச்சி முடிந்து குழந்தை வீடு திரும்பியதும் "எத்தனையாவது வந்தே?" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். "இன்னிக்கு யாரா ஆடினே?" என்று கேளுங்கள். மட்டைபிடித்து வரும் பிள்ளையிடம் கேட்க முடியாத கேள்வி அது.