களவும் கற்பும் இடம்மாறிய கதைகள்: தமிழ்க் காதல் நாவலாசிரியர்களைப் பரிந்துரைப்பது குறித்து

முன்னுரை

காதலுக்கு இலக்கணம் வகுத்த மொழி தமிழ். தொல்காப்பியப் பொருளதிகாரம் களவுக்கு ஓர் இயலும் கற்புக்கு ஓர் இயலும் ஒதுக்கியது. கூற்று நிகழ்த்துவோர் யார், எப்பொழுது, எவரிடம் என்பதுவரை அது வரையறுத்துக் கூறியது. இத்தகைய மரபினைப் பாடமாக நடத்துகின்ற நம் துறைகள், இருபதாம் நூற்றாண்டில் தமிழர் மிகுதியாக விரும்பிப் படித்த காதல் நாவல்களைப் பற்றி மட்டும் மௌனம் காக்கின்றன. நற்றிணைத் தலைவியின் உள்ளத்தைப் பற்றி ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. மாத நாவலின் நாயகியைப் பற்றி எழுத முன்வரும் மாணவரை வேறு தலைப்புக்குத் திருப்பிவிடுகிறோம்.

பயிற்சி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. இடைநிலைப்பள்ளியை முடித்து, பாடநூலுக்கு வெளியே ஒரு தமிழ் நாவலையும் படித்திராத இளையோர்க்கு எதைக் கொடுப்பது? நாம் கூறும் விடைகள் பெரும்பாலும் பரிசு பெற்ற நூல்களின் பெயர்களாகவே இருக்கின்றன. அவற்றுள் பல, பழகாத வாசகனை இருபது பக்கங்களுக்குள் களைப்படையச் செய்பவை. பழகிய வாசகர்க்கும் புதியவர்க்கும் ஒரே பட்டியலை நீட்டுவது ஆசிரியப் பணிக்கு அழகன்று. இக்கட்டுரை காதல் நாவல் என்னும் வகையினை மட்டும் எடுத்துக்கொண்டு, எவரை யாருக்குப் பரிந்துரைக்கலாம், எந்த எச்சரிக்கையுடன் பரிந்துரைக்கலாம் என ஆராய முற்படுகிறது.

வகையின் இலக்கணம்

ஆங்கிலத்தில் இவ்வகைக்கு முறையான ஆய்வு மரபு உருவாகிவிட்டது. ஜானிஸ் ராட்வே 1984-இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் காதல் நாவல் வாசகியரை நேரில் கண்டு, அவர்கள் ஏன் படிக்கின்றனர் என வினவினார். கதை என்ன சொல்கிறது என்பதற்கு இணையாக, படிப்பதற்கென ஒதுக்கிய நேரம் தமக்கே உரியது என்பதும் அப்பெண்களுக்கு முக்கியமாக இருந்தது என்பது அவர் கண்ட உண்மை. வீட்டார் அனைவரின் தேவைகளையும் கவனிக்கும் ஒருத்தி, கையில் புத்தகம் இருக்கும்வரை எவருக்கும் கடமைப்பட்டவள் அல்லள். பமேலா ரெஜிஸ் 2003-இல் இவ்வகையின் கட்டமைப்பினை எட்டுக் கூறுகளாகப் பகுத்துக் காட்டினார். சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலை வெளிப்படுத்தல், அனைத்தும் முடிந்துபோனதாகத் தோன்றும் கட்டம், தடை நீங்கும் தெளிவு முதலியன அவற்றுள் அடங்கும்.

இக்கூறுகளைத் தமிழ் நாவல்கள்மீது அப்படியே பொருத்திப் பார்ப்பது பயன் தராது. நம் வெகுசனக் காதல் நாவலின் தனித்தன்மை வேறோரிடத்தில் உள்ளது. அகமரபில் களவு முன்னும் கற்பு பின்னும் நிகழும். தமிழ் மாத நாவல்கள் பலவற்றில் இவ்வரிசை தலைகீழாகிறது. முதலில் திருமணம், அதுவும் விருப்பமில்லாத் திருமணம். அதன் பிறகே இருவரும் ஒருவரையொருவர் திருட்டுத்தனமாகப் பார்க்கத் தொடங்குகின்றனர். ஊடலே கதையின் உடலாக விரிகிறது. கூடல் கடைசி இரண்டு பக்கங்களில் அடங்கிவிடுகிறது. பெற்றோர் பார்த்து மணம் முடிக்கும் சமூகத்தில் காதலுக்கு இடம் தேடிய கற்பனை, அதனைத் திருமணத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது எனலாம். ஒழுக்கம் பழுதுபடாமல் காதலின் கிளர்ச்சியும் கிடைத்தது.

புதிய வாசகர்க்கு: லட்சுமி

இந்தத் தலைகீழ் வரிசையைத் தேர்ச்சியுடன் கையாண்டவர்களுள் முற்பட்டவர் லட்சுமி. திரிபுரசுந்தரி என்னும் இயற்பெயர் கொண்ட அவர் (1921–1987) சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். மாணவியாக இருந்தபோதே ஆனந்த விகடனில் எழுதி, அவ்வருவாயைப் படிப்புச் செலவுக்குப் பயன்படுத்தியவர். இச்செய்தி வெறும் வாழ்க்கைக் குறிப்பு அன்று. அவருடைய நாயகியர்க்குப் பணத்தின் அருமை தெரியும். கல்விக் கட்டணம், வாடகை, தங்கையின் திருமணச் செலவு ஆகிய கவலைகள் காதலின் பின்னணியில் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

‘பெண்மனம்’ நாவலை முதலில் பரிந்துரைப்பேன். தான் மதிக்காத ஒருவனுக்கு மனைவியாகிவிட்ட பெண்ணின் மனமாற்றமே அதன் பொருள். 1963-இல் ‘இருவர் உள்ளம்’ என்னும் பெயரில் திரைப்படமாகவும் வந்தது. வெறுப்பு விருப்பாக மாறுவதைக் காட்டுவது எளிதன்று, அவசரப்பட்டால் பொய்யாகிவிடும். லட்சுமி அவசரப்படுவதில்லை. கணவன் திருந்துவதற்கும் அவள் நம்புவதற்கும் இடையே நீண்ட இடைவெளி விடுகிறார். அவன் மாறிவிட்டான் என்பதனால் மட்டும் அவள் மாற வேண்டும் என அவர் கட்டாயப்படுத்துவதில்லை. நடையும் புதிய வாசகர்க்கு ஏற்றது. வாக்கியங்கள் சிறியவை, உரையாடல் மிகுதி, வருணனை வேண்டிய அளவே.

திருமணத்திற்குப் பின் தென்னாப்பிரிக்காவில் இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, பின்னர்த் தமிழகம் திரும்பியவர் லட்சுமி. 1984-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘ஒரு காவிரியைப் போல’ நாவலைப் புலம்பெயர்ந்தோர் வழித்தோன்றல்களாகிய நம் மாணவர்கள் படிப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. எனினும் விருது பெற்றது என்பதற்காக அதனையே முதற்படியாக வைக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாவல்கள் படித்த பிறகு அதற்கு வரலாம்.

அனுத்தமாவையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். லட்சுமியைவிட அடங்கிய குரல் அவருடையது. நிகழ்ச்சிகளின் வேகத்தை எதிர்பார்க்கும் இளையோர்க்கு உடனே பிடிக்காமல் போகலாம். குடும்பத்தின் அன்றாட ஒலிகளைக் கேட்கப் பழகியவர்க்கு ‘கேட்டவரம்’ நிறைவு தரும்.

ரமணிசந்திரன் என்னும் சிக்கல்

இவ்வகை பற்றிப் பேசுகையில் தவிர்க்க இயலாத பெயர் ரமணிசந்திரன். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். தமிழ்ப் பெண் வாசகரிடையே அவர் பெற்ற செல்வாக்கு, கல்விப்புலம் போற்றும் எழுத்தாளர் எவரும் பெறாதது. 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் வெளியிட்ட வெகுசனப் புனைகதைகளின் ஆங்கிலத் தொகுப்பில் அவர் கதையும் இடம்பெற்றது. ஆங்கிலம் வழியாக வெளியுலகம் கவனிக்கத் தொடங்கிய ஒருவரை, தமிழ்த்துறைகள் இன்னும் பெயர் சொல்லக் கூசுகின்றன.

கூச்சத்துக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. அவருடைய நாயகன் பெரும்பாலும் செல்வன், திறமைசாலி, முன்கோபி. நாயகியைப் பணத்துக்கு ஆசைப்படுபவள் எனத் தவறாக எண்ணுவான், இகழ்வான், சில கதைகளில் மிரட்டி மணப்பான். உண்மை தெரிந்தபின் வருந்துவான். அவளும் மன்னிப்பாள். இவ்வமைப்பு மீண்டும் மீண்டும் வருகிறது. அவமதிப்பு, உள்ளே மறைந்திருந்த அன்பின் வெளிப்பாடாகப் பின்னர் விளக்கப்பட்டுவிடுகிறது. ராட்வே தம் நூலில் சுட்டிய மிகக் கடுமையான குறையும் இதுவே. ஆணின் கொடுமையை அன்பாக மொழிபெயர்த்துப் படிக்கும் பழக்கம் வாழ்க்கைக்குள்ளும் நுழைந்துவிட்டால் அதன் விலை பெரிது. பதினேழு வயதுப் பெண்ணின் கையில் இந்நாவலைக் கொடுக்கும் ஆசிரியர் இதனைப் பேசாமல் கொடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆயின், இதே குற்றத்தை நாம் பாடமாக வைத்துப் போற்றும் நூல்களிடம் சுமத்துகிறோமா? அகிலனின் ‘சித்திரப்பாவை’ 1975-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருதினைப் பெற்றது. ஓவியன் அண்ணாமலையை நேசிக்கும் ஆனந்தி, தன்னை வலிந்து முத்தமிட்ட மாணிக்கத்தையே மணக்க வேண்டியவளாகத் தன்னைக் கருதிக்கொள்கிறாள். அகிலன் அவளை அங்கேயே விட்டுவிடவில்லை; இறுதியில் அவள் அத்திருமணத்தை விட்டு வெளியேறுகிறாள் என்பது உண்மைதான். எனினும் அந்த முத்தத்திற்கும் வெளியேற்றத்திற்கும் இடையில் எத்தனை நூறு பக்கங்கள் கற்பு பற்றிய சொற்பொழிவாகக் கழிகின்றன! விருது பெற்ற நாவலில் அதனை ‘இலட்சியச் சிக்கல்’ என்கிறோம். மாத நாவலில் அதனையே ‘மலினம்’ என்கிறோம். இரண்டையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்துப் படிக்க வைத்து, பெண்ணின் விருப்பம் எந்த இடத்தில் கேட்கப்படுகிறது, எந்த இடத்தில் கேட்கப்படவில்லை என மாணவரையே குறிக்கச் சொன்னால், விவாதம் ஒரு மணி நேரத்தில் முடிவதில்லை. என் வகுப்புகளில் இதனைச் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு மாணவி, ரமணிசந்திரனின் நாயகியர் வேலைக்குப் போகின்றனர், கணக்குப் பார்க்கின்றனர், எதிர்த்துப் பேசுகின்றனர்; ஆனந்தியோ நினைத்துக்கொண்டே இருக்கிறாள் என்றார். அக்கூற்றை முழுமையாக ஏற்க இயலாது, புறந்தள்ளவும் இயலவில்லை.

மேலும் ஒன்று. ரமணிசந்திரனின் தமிழ் தெளிவானது. ஆங்கிலச் சொற்கள் மலிந்த வார இதழ் நடையோடு ஒப்பிட்டால் அவர் சொல்லாட்சி வியப்பளிக்கும் அளவுக்குக் கட்டுப்பாடுடையது. விரசம் இல்லை. தோட்டப்புறங்களில் தமிழ்ப்பள்ளிப் படிப்போடு நின்றுபோன பெண்கள் பலர், ராணிமுத்து போன்ற மாத நாவல் இதழ்களின் வழியாகவே தம் எழுத்தறிவைக் காத்துக்கொண்டனர். அவர்தம் பிள்ளைகளே இன்று நம் துறைகளில் அமர்ந்திருக்கின்றனர்.

இடைநிலை: மணத்துக்கு அப்பால்

1970-களிலும் 80-களிலும் எழுதிய சிவசங்கரி, இந்துமதி ஆகியோரிடம் காதல் நாவலின் வாக்குறுதி ஐயத்துக்குள்ளாகிறது. 1981-இல் கே. பாலசந்தர் படமாக்கிய ‘47 நாட்கள்’ இதற்குத் தக்க சான்று. வெளிநாட்டு மாப்பிள்ளை என்னும் கனவு, அவன் முன்னரே மணமானவன் எனத் தெரியும்பொழுது சிறையாக மாறுகிறது. காதல் நாவலின் எல்லாத் தொடக்கங்களும் இதில் உள்ளன; முடிவு மட்டும் வேறு. ரமணிசந்திரனைப் பத்துப் படித்தவர்க்கு அடுத்ததாக இதனைக் கொடுத்தல் வேண்டும். முன்னதைப் படிக்காதவர்க்குப் பின்னதின் அதிர்ச்சி பாதியே கிட்டும்.

பாலகுமாரன் (1946–2018) ஆண் வாசகரையும் காதல் கதைக்குள் அழைத்து வந்தவர். ‘மெர்க்குரிப் பூக்கள்’ தொழிற்சாலைப் போராட்டத்தையும் ஆண்பெண் உறவையும் ஒருசேரப் பேசுகிறது. ஆணின் நெகிழ்ச்சிக்கு அவர் அளித்த சொற்கள் புதியவை. அவருடைய கதைமாந்தர் மிகுதியாக அறிவுரை கூறுகின்றனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிற்கால நாவல்களில் அறிவுரை கதையை விழுங்கிவிடுகிறது.

நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ நம் ஆசிரியர்கள் பலருக்கு மிகவும் வேண்டிய நூல். தமிழறிஞரின் மகள் பூரணியும் அச்சகத்தில் பணியாற்றும் அரவிந்தனும் கொண்ட காதல், அக்காலப் பெற்றோர் தம் மக்களுக்கு அப்பெயர்களைச் சூட்டும் அளவுக்குப் பரவியது. அரவிந்தன் இறக்கிறான்; பூரணி மணமாகாமலே கைம்மை ஏற்கிறாள். மொழியின் செம்மைக்காக இதனைப் பரிந்துரைப்போர் உளர். எனக்கு அதில் தயக்கம் உண்டு. மாத நாவலின் மகிழ்ச்சி முடிவைப் பொய் என்று கூறும் நாம், ஒரு பெண்ணின் தன்மறுப்பை மட்டும் உண்மை என்று எவ்வாறு கொள்வது?

தேர்ந்த வாசகர்க்கு

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ இப்பட்டியலில் இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அதனை இசை நாவல் என்றும் தஞ்சை மண்ணின் நாவல் என்றும் கூறுவர். அடிப்படையில் அது காதல் நாவலே. தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவைப் பாபு விரும்புகிறான், அவள் மறுக்கிறாள், ஆண்டுகள் கழிகின்றன, வறுமை அவளை அலைக்கழித்த பின்னர் அவன் விரும்பியது நிகழ்கிறது. ரெஜிஸ் கூறும் கூறுகள் அனைத்தையும் இதில் அடையாளம் காணலாம். ஆனால் தடை நீங்கியதும் நிறைவு வருவதில்லை. இவ்வளவுக்கும் இதுதானா பொருள் என்னும் வெறுமையே எஞ்சுகிறது. காதல் நாவல்கள் பல படித்து, அவற்றின் முடிவை முன்கூட்டியே அறிந்துகொள்ளும் பயிற்சி பெற்றவரே அவ்வெறுமையின் முழுக் கனத்தையும் உணர்வர். தங்கம்மாவின் சாவு, ரங்கண்ணாவின் தம்புரா என நீளும் கிளைகளுக்கிடையே யமுனாவின் மௌனத்தை மட்டும் தொடர்ந்து கவனித்து ஒருமுறை படித்துப் பார்க்கலாம். நாவல் முழுவதும் பாபுவின் பார்வையில் அமைந்திருப்பதால், அவள் என்ன நினைக்கிறாள் என்பதை வாசகர்தாம் கண்டறிய வேண்டியுள்ளது.

அதற்கு அடுத்த நிலையில் இந்திரா பார்த்தசாரதியின் ‘ஹெலிகாப்டர்கள் கீழே இறங்கிவிட்டன’ அமைகிறது. டில்லியில் வாழும் நடுவயது அதிகாரி ஒருவர், இளமையில் இழந்த காதலின் சாயலை இளம்பெண் ஒருத்தியிடம் தேடுகிறார். அளவில் சிறியது, எள்ளல் நிறைந்தது. இளையோர்க்கு இதனைக் கொடுப்பதில் பொருளில்லை. நாற்பதைக் கடந்த ஆசிரியர்கள் தமக்கென வைத்துக்கொள்ளலாம்.

இன்று இவ்வகை அச்சிலிருந்து திரைக்குப் பெயர்ந்துவிட்டது. 2014-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற பிரதிலிபி உள்ளிட்ட தளங்களில் அத்தியாயம் அத்தியாயமாகக் காதல் தொடர்கள் வெளிவருகின்றன. முன்னறிமுகம் இல்லாத பெண்கள் எழுதுகின்றனர். வாசகியர் உடனுக்குடன் மறுமொழி இடுகின்றனர். நாயகன் கையை ஓங்கும் அத்தியாயத்தில் அவர்கள் என்ன எழுதுகின்றனர் என்பதைத் தொகுத்தாலே முதுகலை ஆய்வேடு ஒன்றுக்குப் போதிய தரவு கிடைக்கும். அத்தலைப்புடன் வரும் மாணவருக்கு மேற்பார்வையாளராக இருக்க அணியமாக உள்ளேன்.