ஊஞ்சலிலிருந்து விழுந்தவளும் காய்ச்சலில் போனவளும்

நோயில் படுத்த அடங்காத சிறுமி, எழும்போது அடக்கமான பெண்ணாகியிருப்பாள். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிறார் நாவல்கள் பலவற்றில் இது எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தை நிலைநாட்டிய நூல்களில் ஒன்று சூசன் கூலிட்ஜின் 'வாட் கேட்டி டிட்'. 1872இல் வெளிவந்தது. பாஸ்டனில் 'லிட்டில் விமன்' நாவலை வெளியிட்ட அதே ராபர்ட்ஸ் பிரதர்ஸ்தான் இதற்கும் பதிப்பகம். ஒன்றரை நூற்றாண்டாக விற்கிறது. அரை நூற்றாண்டாகப் பெண்ணிய விமர்சகர்களிடம் அடியும் வாங்குகிறது. அந்த அடி நியாயமானதுதான். ஆனால் விழவேண்டிய இடத்தில் முழுதாக விழவில்லை என்பது என் எண்ணம்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கலாம். பர்னெட் என்ற ஊரில் டாக்டர் காருக்குத் தாயில்லாப் பிள்ளைகள் ஆறு பேர். மூத்தவள் கேட்டிக்குப் பன்னிரண்டு வயது. கொக்குபோல் வளர்ந்தவள், உடை கிழியாமல் ஒரு நாளும் வீடு திரும்பாதவள். ஒருநாள் ஏதாவது மகத்தானதைச் செய்வேன் என்கிறாள்: படகோட்டிப் போய் உயிர்களை மீட்கலாம், நைட்டிங்கேல்போல மருத்துவமனையில் சேவை செய்யலாம், கவசமணிந்து வெள்ளைக் குதிரையில் படைநடத்திப் போகலாம். ஊஞ்சலில் ஆடாதே என்று இஸ்ஸி அத்தை சொன்னதை மீறி ஆடுகிறாள், கொக்கி விட்டுப்போகிறது, முதுகில் அடி. ஏறக்குறைய நான்காண்டுகள் மாடி அறையிலேயே கழிகின்றன. கீழே இறங்கி வரும்போது வீட்டை நடத்தத் தெரிந்த, எல்லோருக்கும் பிரியமான பதினாறு வயதுப் பெண்ணாக வருகிறாள். வெள்ளைக் குதிரை என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

வழக்கமான குற்றச்சாட்டு இதுதான்: துள்ளித் திரிந்த பெண்ணின் காலை முறித்து அவளைக் குடும்பப் பெண்ணாக்குகிறது நாவல். இதைச் சற்று நிதானமாகவே எடைபோட வேண்டும். கூலிட்ஜின் தரப்பில் சொல்ல நிறையவே இருக்கிறது. சாரா சான்சி வூல்ஸி என்ற இயற்பெயர் கொண்ட அவர், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது நோயாளிகளைப் பராமரித்தவர். நோயறையின் உண்மை அவருக்குத் தெரியும். கோடைப் புழுக்கம், எப்படித் திருப்பினாலும் சரிவராத தலையணை, ஆறுதல் சொல்ல வரும் தங்கையிடம் எரிந்துவிழுவது, ஜன்னலைத் திறக்கவே விடாமல் இருட்டில் கிடப்பது எல்லாம் அந்தப் பக்கங்களில் உண்டு. வலி கேட்டியை முதலில் கெட்டவளாக்குகிறது. சில ஆண்டுகள் முன் வந்த 'லிட்டில் விமன்' நாவலில் பெத் நோயுற்ற நாளிலிருந்தே பாதி தேவதையாகிவிடுகிறாள், செத்துப்போவதற்கென்றே படைக்கப்பட்டவள். கேட்டிக்குப் பிழைக்கவும், முகம் சுளிக்கவும் உரிமை இருக்கிறது. அந்தக் காலத்துக்கு இது சிறிய துணிச்சலில்லை.

காலச்சூழலையும் மறக்கக் கூடாது. இந்த நாவல் வந்த மறு ஆண்டு, அதே பாஸ்டனில், டாக்டர் எட்வர்ட் கிளார்க் ஒரு நூல் எழுதினார். பருவமடையும் பெண்கள் ஆண்களுக்கு ஈடாகப் படித்தால் அவர்களின் உடல் கெடும் என்பது அதன் சாரம். பெண்ணுக்குப் பருவ வயதே ஒரு நோய்போல என்று மருத்துவம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. வியர் மிட்செலின் ஓய்வுச் சிகிச்சை பரவியதும் அந்த ஆண்டுகளில்தான். மாடி அறையும் கட்டாய ஓய்வும் ஒரு பெண்ணின் புத்தியை என்ன செய்யும் என்பதை 1892இல் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 'தி யெல்லோ வால்பேப்பர்' சிறுகதையில் காட்டினார். கூலிட்ஜின் அறையில் அந்தப் பயங்கரம் இல்லை. அங்கே வந்து சேர்வது ஹெலன்.

இங்கேதான் நாவல் சிக்கலாகிறது, சுவையாகவும் ஆகிறது. உறவுக்காரப் பெண்ணான ஹெலன் பல ஆண்டுகளாக நடக்க முடியாதவள். நிச்சயம் செய்திருந்தவனைத் தானே விடுவித்து அனுப்பினாள். அவன் வேறொருத்தியை மணந்துகொண்டு பக்கத்து வீட்டில் குடியிருக்கிறான், இவள் புன்னகையோடு அவர்களுக்குத் தோழியாக இருக்கிறாள். வேதனை ஒரு பள்ளிக்கூடம், அதில் பொறுமை, உற்சாகம், நம்பிக்கை, சுத்தம் எல்லாம் பாடங்கள் என்று கேட்டிக்கு அவள் சொல்லித் தருகிறாள். தலைவாரு, நல்ல உடை உடுத்து, அறையை அழகாக வை. பிள்ளைகள் உன்னைத் தேடி வருவார்கள். நோயாளிக்கு இது பயனற்ற அறிவுரை என்று சொல்லமாட்டேன். ஆனால் வலியில் கிடக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இட்ட வேலை, பார்க்க வருகிறவர்களின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வது! நோயிலும் அவள்தான் உபசரிக்க வேண்டும்.

ஹெலனுக்கு எதிர்முனையில் நிற்பவள் இஸ்ஸி அத்தை. விமர்சகர்கள் அதிகம் கண்டுகொள்ளாத இவளிடத்தில்தான் நாவலின் உண்மையான கணக்கு ஒளிந்திருக்கிறது. மணமாகாதவள், நடுவயதைத் தாண்டியவள், அண்ணன் வீட்டில் ஆறு பிள்ளைகளை வளர்ப்பவள். சட்டை தைப்பது, மருந்து கொடுப்பது, நேரத்துக்குச் சாப்பாடு, எல்லாம் அவள் பொறுப்பு. நாவல் அவளுக்குத் தரும் கூலி கேலி. குழந்தை மனம் புரியாத கறார்க்காரி, ஒழுங்குப் பைத்தியம் என்று சிரிக்க வைக்கிறது. ஊஞ்சல் விபத்தில்கூட, கொக்கி விரிசல் விட்டதைச் சொல்லாமல் வெறுமனே தடுத்துவிட்டாளே என்று கதைசொல்லி அவள் மீதும் ஒரு குறை போடுகிறார். பிறகு டைஃபாய்டு காய்ச்சலில் அவள் இறந்துபோகிறாள். அதற்குச் செலவாவது கொஞ்சம் வரிகள். பிள்ளைகள் சற்று வருந்துகிறார்கள். அதோடு நிர்வாகி இடம் காலியாகிறது; கேட்டி படுக்கையிலிருந்தபடியே சமையல் குறிப்பும் மளிகைக் கணக்குமாக அதை ஏற்கிறாள்.

இரண்டு பெண்களையும் அருகருகே வைத்தால் நாவலின் விருப்பம் வெளிச்சமாகிறது. இருவரும் மணமாகாதவர்கள். உடல் நலத்தோடு உழைத்து முதுமையை நோக்கிப் போனவள் நகைப்புக்குரியவள். உழைக்க இயலாமல், அழகான உடையில், சாய்ந்து கிடப்பவள் வணக்கத்துக்குரியவள். கேட்டிக்கு இஸ்ஸியின் வேலை முழுதும் வேண்டும், ஆனால் இஸ்ஸியின் சுருக்கமோ குரலோ வேண்டாம். ஹெலனின் முகத்தோடு அந்த வேலையைச் செய்ய வேண்டும். நான்காண்டு நோய் செய்துமுடிப்பது இந்த ஒட்டுவேலையைத்தான். பன்னிரண்டிலிருந்து நேராக ஆறு பிள்ளை வீட்டின் தாயாகிறாள். இடையிலிருந்த பருவம் படுக்கையில் கழிந்துவிட்டது. அவள் கீழே இறங்கி வரும் நாள், செத்துப்போன தாயின் பிறந்தநாள். ஆசிரியர் தற்செயலாக வைத்த தேதியாக இருக்க முடியாது.

ஆண்பிள்ளைக்கு நோய் இதையே செய்கிறதா? பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் 'தி சீக்ரெட் கார்டன்' (1911) பார்க்கலாம். முதுகு கூனிவிடும் என்ற பயத்தில் படுக்கையை விட்டு எழாத காலின், தோட்டத்தில் எழுந்து நடக்கிறான், ஓடுகிறான், விஞ்ஞானியாவேன் என்று பிரகடனம் செய்கிறான். எஸ்டேட்டின் வாரிசாகத் தந்தையோடு நடந்து வீட்டுக்குள் போகிறான். நோய் அவனிடம் எதையும் விலையாகக் கேட்கவில்லை. கொடுமையாகக் கத்திய பையனுக்குப் பொறுமைப் பாடம்கூட முழுசாக நடக்கவில்லை. அவனை எழுப்பிய மேரி லெனாக்ஸோ, தான் நாயகியாகத் தொடங்கிய கதையின் கடைசிப் பக்கங்களில் ஏறத்தாழ காணாமல் போகிறாள். நலமடைந்த பையனுக்குச் சொத்து, நலமடைந்த பெண்ணுக்குச் சாவிக்கொத்து.

நலமடைதலே இன்னொரு மோசடி. மருத்துவர் மகளாக இருந்தும் கேட்டியின் முதுகு எப்படிச் சரியானது என்பதற்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை. அவள் நல்லவளானாள், ஆகவே நடந்தாள் என்றே வாசகக் குழந்தை புரிந்துகொள்ளும். அந்தத் தர்க்கத்தில் நடக்காமலே இருக்கும் குழந்தை யார்? இந்தக் கேள்விக்கு நாவலிடம் பதிலில்லை, ஹெலனைத் தவிர. இதே மாதிரியான அற்புதம் 'ஹைடி'யிலும் உண்டு. அங்கே ஆல்ப்ஸ் மலைக்காற்றும் ஆட்டுப்பாலுமாவது காரணமாகக் காட்டப்படுகின்றன.

தீர்ப்பு சொல்லிவிடுகிறேன். வலியைப் பற்றிய நாவலாக 'வாட் கேட்டி டிட்' நேர்மையானது, இன்றும் படிக்கத் தகுந்தது. வளர்வதைப் பற்றிய நாவலாக அது நேர்மையற்றது. முதல் பாதியில் தானே உயிரூட்டிய ஆசைகளை இரண்டாம் பாதியில் மறுக்கக்கூட அதற்குத் துணிவில்லை, மறந்துவிட்டதாக நடிக்கிறது. 1886இல் வந்த தொடர்ச்சியில் கேட்டி ஐரோப்பா வரை போகிறாள். ரோமில் ஒரு சிறுமி காய்ச்சலில் விழ, அவளைப் பராமரிக்கிறாள், ஒரு கடற்படை அதிகாரியை மணக்கச் சம்மதிக்கிறாள். நைட்டிங்கேல் கனவு இப்படித்தான் பலிக்கிறது. இதை எழுதிய கூலிட்ஜ் மணம் செய்துகொள்ளாமல், எழுத்தில் பிழைத்து, 1905 வரை வாழ்ந்தவர். தன்னைப் போன்ற ஒருத்தி வயதாகி நிறைவாக இருக்கலாம் என்று தன் நாயகிக்கு மட்டும் அவர் காட்டவில்லை.

2015இல் ஜாக்குலின் வில்சன் இந்தக் கதையை 'கேட்டி' என்ற பெயரில் இன்றைய இங்கிலாந்துக்கு மாற்றி எழுதினார். அவருடைய கேட்டி எழுந்து நடப்பதில்லை. சக்கர நாற்காலியிலேயே பள்ளிக்கூடம் போகிறாள், கோபப்படுகிறாள், நண்பர்களைப் பிடிக்கிறாள். மூல நூலின் பெரிய பொய்யை வில்சன் சரிசெய்துவிட்டார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய இஸ்ஸி அத்தை அல்ல, சிற்றன்னை; டாக்டரை மணந்து வந்தவள். நடக்காத சிறுமிக்கு இடம் கண்டுபிடித்த நாவலிலும், மணமாகாமல் வயதாகும் பெண்ணுக்கு அந்த வீட்டில் இடம் கிடைக்கவில்லை.